ஒன்பதாம் எண் பேட்டி

ஜூன் 3, திங்கள்

இன்று சிலிண்டர் போட வந்தவரிடம் மானம் போயிற்று.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்போனுக்குள் என் மகள் சுடர்க்கொடி யாரோ ஓர் இளைஞனிடம், "அறுபது வயசுல நீங்க எப்படி இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. "மூட்டுவலியும் முன்கோபமுமா இருப்பே, சொல்லித் தொலையேன்டா!" என்று கத்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில், தோளில் சிலிண்டரோடு அவர்.

"சார், எனக்கு நாப்பத்தஞ்சுதான் ஆகுது" என்றார்.

மன்னிப்புக் கேட்டு மோர் கொடுத்து அனுப்பினேன். போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த சிலிண்டருக்கு வேறு ஆளைத்தான் அனுப்புவார்கள்.

விவரத்தை எழுதிவைக்கிறேன். சுடர் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதற்கு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறார்களா என்பது விஷயம். இருபத்துநாலு பேரை உட்காரவைத்து ஆளுக்குப் பன்னிரண்டு கேள்வி கேட்டுப் பதிவு செய்திருக்கிறாள். அதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். வெளியே கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். வீட்டிலேயே ஒரு டைப்பிஸ்ட் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

நான் பத்தாவது, தமிழ் டைப்பிங் ஹையர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர் குழந்தைவேல் அண்ணனிடம் முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் அடித்தேன். போன மார்ச்சில் குளியலறையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். விழுந்துவிட்டேன் என்று சுடர் சொல்வாள். சோப்பின் சதி. அதிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. பென்டிரைவில் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண் போட்டிருக்கிறாள். ஒன்பது மட்டும் இல்லை.

"ஒன்பதைக் காணோமேம்மா?"

"அது வேணாம்ப்பா. சரியா பதிவாகல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நான் வில்லங்கச் சான்று படித்தே வளர்ந்தவன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, நடுவில் ஒரு வருஷத்துத் தாள் மட்டும் காணாமல் போயிருந்தால், வில்லங்கம் அந்த வருஷத்தில்தான் இருக்கும்.

ஜூன் 5, புதன்

முதல் நாலு பேட்டியைச் சுடர் திருத்திக் கொடுத்தாள். தாள் பூராவும் சிவப்பு.

"என்னப்பா இது? 'பின்னிட்டு எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை'ன்னு அந்தப் பையன் எப்ப சொன்னான்? 'பரவால்ல'ன்னுதானே சொன்னான்?"

கை அப்படிப் பழகிவிட்டது. நிலத்துக்குப் போடுகிற நாலு எல்லையைப் போடாமல் விட்டேனே, அதற்குப் பாராட்டலாம்.

"இன்னொண்ணு. மௌனத்தை எல்லாம் எங்க காணோம்?"

"பேசாததை எப்படிம்மா அடிக்கிறது?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆள் எந்தக் கேள்விக்கு எத்தனை வினாடி பேசாமல் இருந்தார் என்பதுதான் இந்த ஆராய்ச்சிக்கு முக்கியமாம். அடைப்புக்குறி போட்டு, மௌனம் ஆறு வினாடி, மௌனம் பத்து வினாடி என்று எழுத வேண்டுமாம். பத்திரத்தில் நாங்கள் வெற்றிடம் விடவே மாட்டோம். அரை வரி காலியாக இருந்தாலும் கோடு கிழித்து அடைத்துவிடுவோம், பின்னால் எவனும் எதையும் நுழைக்கக் கூடாது என்று. அந்த வழக்கத்தில் எல்லாருடைய மௌனத்தையும் அடைத்துவிட்டிருக்கிறேன்.

நாலையும் மறுபடி கேட்டேன். சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், மூன்றாம் எண், "அறுபது வரைக்கும் இந்த முதுகு தாங்கணும்ல" என்று சிரிக்கிறான். சிரிப்புக்குப் பிறகு ஒன்பது வினாடி ஒன்றுமில்லை. பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்கிறது.

ஜூன் 6, வியாழன்

ரசத்தில் உப்பு இரண்டு தடவை. சுடர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுவே சந்தேகமாக இருக்கிறது. எப்போதும் சொல்வாளே.

ஜூன் 9, ஞாயிறு

ஒன்பதாம் எண் ஒரு பையன் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஆதாரங்கள்:

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் இங்கிலீஷில் போன் பேசுகிறாள். துணி எடுக்கிற சாக்கில் நானும் போனேன். பேச்சு நின்றது. "என்னப்பா?" என்றாள். துணி எடுக்க வந்தேன் என்றேன். கொடியில் துணி இல்லை.

என்னைப் பார்க்கிறாள். சாதாரணமாகப் பார்ப்பதில்லை, பழைய வீட்டை வாங்க வந்தவர் சுவரைப் பார்ப்பார் பாருங்கள், அப்படி. மாத்திரை அட்டையை எடுத்து எத்தனை தீர்ந்திருக்கிறது என்று எண்ணுகிறாள். நான் குளிக்கப் போனால் கூடத்தில் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருகிறாள். பக்கம் திருப்பும் சத்தம் கேட்பதில்லை.

மே மாதம் ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "தாத்தா எத்தனை வயசுலப்பா போனாங்க?" என்று கேட்டாள். எண்பத்தொன்று என்றேன். "ம்" என்றாள். அப்பளம் வேண்டுமா என்று கேட்கிற குரலில் ஒருத்தர் சாவைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? மாப்பிள்ளை வீட்டில் ஆயுசு விசாரிக்கிறார்களோ?

மீனா இருந்திருந்தால் ஒரே கேள்வியில் கறந்திருப்பாள். அவள் போய் எட்டு வருஷம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஜூன் 12, புதன்

சுடருடைய லேப்டாப் ரிப்பேர். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே திறந்துபோட்டு ஓடிவிட்டாள். நான் பதினாலாம் எண்ணைத் தட்ட உட்கார்ந்தால், திரையில் இங்கிலீஷ் கடிதம்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது. அதனால் வேகமாகப் படித்தேன்.

'ஃபின்லாந்து' என்று இருந்தது. ஏதோ யுனிவர்சிட்டி. இரண்டு வருஷம் என்று இருந்தது. அப்புறம் அந்த வார்த்தை, 'ரிக்ரெட்'. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் அது ரொம்ப நெருக்கமானது. வேலைக்கு எழுதிப்போட்ட காலத்தில் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கும்.

ஆக, மாடிப் பேச்சு பையன் இல்லை. வேலை. என்னிடம் சொல்லாமல் முயற்சி செய்திருக்கிறாள். அவர்கள் வருந்துகிறோம் என்று எழுதிவிட்டார்கள்.

என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல இந்த ஃபின்லாந்துக்காரன் யார்? அங்கே ஆறு மாதம் சூரியனே வராதாம். வராதுதான்.

மாலையில் கேசரி கிண்டினேன். முந்திரி அதிகம். தட்டில் வைத்து நீட்டி, "போனாப் போகுதும்மா, இது இல்லன்னா இன்னொண்ணு. கிடைக்கலன்னா அவனுக்குத்தான் நஷ்டம்" என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "யாருப்பா சொன்னா?"

"மெயிலைத் திறந்து வச்சிட்டுப் போயிட்டே."

என்னையே பார்த்தாள். ஏழு வினாடி. இப்போதெல்லாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"ஆமாப்பா" என்றாள். "கிடைக்கல."

கேசரி முழுவதையும் சாப்பிட்டாள். கேசரி அவளுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தட்டைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. பிடித்தது மீனாவுக்கு.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். சுடரோடு படிக்கிற ஃபர்சானா பெரிய தூக்கில் பிரியாணி கொண்டுவந்தாள். டாக்டர் கொடுத்த உணவுப் பட்டியலை அலமாரிக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சுடர் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"ஏம்மா ஃபர்சானா, ஒன்பதாம் நம்பரு யாரு?"

"அங்கிள், பேரெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. அது ஆராய்ச்சி தர்மம்."

"பேரு வேணாம். நல்ல பையனா, அதை மட்டும் சொல்லு."

அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையனா! பொண்ணு அங்கிள். நல்ல பொண்ணுதான். பிடிவாதம்தான் ஜாஸ்தி. அந்தப் பேட்டி நான் எடுத்தது" என்றாள்.

அடுப்படியிலிருந்து கரண்டி விழுந்த சத்தம். சுடர் வந்து நின்று அவளை முறைத்தாள். ஃபர்சானா கறித்துண்டைத் தேடுகிற மாதிரி தட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

பையன் இல்லை என்றால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. மற்ற இருபத்துமூன்று பேரையும் சுடரே கேட்டாள். இந்த ஒருத்தியை மட்டும் ஏன் ஃபர்சானா கேட்டாள்?

ஜூன் 20, வியாழன்

பதினெட்டாம் எண், தனியார் மருத்துவமனையில் நர்ஸ், வயது இருபத்துமூன்று. சுடர் கேட்கிறாள்: வயசானப்ப உங்களுக்கு என்ன வேணும்? அந்தப் பெண் சொல்கிறாள்: "ஜன்னல் ஓரத்துக் கட்டில். நான் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல யாராச்சும் வரணும். பிள்ளையா இருக்கணும்னு இல்ல. சம்பளத்துக்கு வந்தாலும் பரவால்ல, வரணும்."

இவ்வளவு பேரில் இந்த ஒரு பெண்தான் சொத்து விவரம் சேர்த்துப் பத்திரம் எழுதின மாதிரி பதில் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் முதுமை என்றதும் மலைமேல் வீடு, மாடு ரெண்டு, மாம்பழம் என்கிறார்கள். ஆறாம் எண், "அறுபதா? அப்ப நான் இருந்தாத்தானே!" என்று சிரிக்கிறான். இருப்பாய் தம்பி. எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஜூன் 22, சனி

காலையில் சுடர் கல்லூரிக்குப் போய்விட்டாள். பேட்டி எடுக்கிற சின்ன ரெக்கார்டரை மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

நான் சட்னி அரைக்கத்தான் போனேன். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

மிக்ஸிக்கு ப்ளக் வேண்டும், அதற்கு ரெக்கார்டரைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். கையில் இருந்தது. பட்டனை அமுக்கினால் எண்கள் வரிசையாக வருகின்றன. ஏழு, எட்டு, ஒன்பது. சரியாகப் பதிவாகாதது நாற்பத்தாறு நிமிஷம் இருந்தது.

கேட்டேன்.

முதலில் ஃபர்சானா. "எட்டுப் பேரைக் கேட்டாச்சு. கேள்வி கேக்கறவங்க மனசுல என்ன இருக்குன்னும் பதிவு பண்ணணும், இல்லன்னா நம்ம பதிலைத்தான் மத்தவங்க வாயில தேடுவோம்னு மேடம் சொன்னாங்கல்ல. அதனால இன்னைக்கு நீதான் ஒன்பது. ரெடியா?"

"ரெடி" என்கிறது என் மகளின் குரல்.

கேட்டதை மட்டும் எழுதுகிறேன். அடிப்பதுபோலவே.

ஃபர்சானா: உனக்கு அறுபது வயசாகும்போது உன்கூட யாரு இருப்பா?

மௌனம், நாற்பத்தொரு வினாடி.

சுடர்: அறுபது வரைக்கும் என் யோசனை போகலடி. அப்பாகிட்டயே நின்னுடுது. அப்பாவுக்கு இப்ப அறுபத்தொண்ணு. தாத்தா எத்தனை வயசுல போனாங்கன்னு போன வாரம் அவர்கிட்டயே கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. எண்பத்தொண்ணுன்னார். அப்பாவும் அவ்வளவு இருந்தா எனக்கு நாப்பத்தேழு. நாப்பத்தேழுக்கு அப்புறம் என் வாழ்க்கை ஆரம்பிக்கும்னு உள்ள ஒரு கணக்கு ஓடுது. சாம்பார் ஊத்திக்கிட்டே அந்தக் கணக்கைப் போட்டேன். நான் என்ன ஜென்மம்டி?

ஃபர்சானா: அப்படிச் சொல்லாத. அந்த ஃபின்லாந்து இடம்?

சுடர்: வரலன்னு எழுதிடப் போறேன். அப்பா விழுந்த அன்னைக்கு எனக்கு அரை நாள் லீவு, அதனால சீக்கிரம் வந்து பாத்ரூம் கதவை ஆள் வச்சு உடைச்சோம். ஒன்றரை மணி நேரம் உள்ள கிடந்தார். அவர் எல்லார்கிட்டயும் சோப்பு வழுக்கிடுச்சுன்னு ஜோக் சொல்றார். நானும் சிரிக்கிறேன்.

மௌனம், பத்தொன்பது வினாடி.

அதற்குப் பிறகு அவள் அழுகிறாள். அழுகையை எப்படி அடிப்பது என்று அவள் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ரெக்கார்டரை மறுபடி மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன். வெண்டைக்காய் நறுக்கினேன். எல்லாவற்றையும் நறுக்கி முடித்த பிறகுதான் கழுவவில்லை என்று தெரிந்தது.

கம்ப்யூட்டரில் பார்த்த அந்தக் கடிதம் மனசுக்குள் ஓடியது. ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும்? எழுதிக்கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குக் குழந்தைவேல் அண்ணன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். முப்பத்தெட்டு வருஷம் அதைப் பார்த்தவன், என் பெண்ணின் கடிதத்தில் பார்க்கவில்லை. அவர்கள் அவளுக்கு எழுதியதில்லை அது. அவள் அவர்களுக்கு எழுதியது.

நான் அதற்குக் கேசரி கிண்டியிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை.

ஜூன் 24, திங்கள்

செருப்பு தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி ஃபர்சானாவைப் பார்க்கப் போனேன். கல்லூரி கேன்டீனில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு டீ இறங்கவில்லை.

"ஒரு சந்தேகம்மா. வெளிநாட்டுக்காரங்களுக்கு வரலன்னு எழுதிட்டா, அப்புறம் வரேன்னு எழுத முடியுமா?"

"அங்கிள், நீங்க ஒன்பதைக் கேட்டுட்டீங்களா?"

"எதை?"

"அங்கிள்."

"சட்னி அரைக்கப் போனேம்மா."

தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். அங்கேயிருந்து பதில் வந்திருக்கிறது. அவசரப்படாமல் யோசியுங்கள், முப்பதாம் தேதி வரை இடத்தை வேறு யாருக்கும் தரமாட்டோம் என்று. சுடர் அதற்குப் பதிலே போடவில்லை.

"நீங்க கேட்டது அவளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். போகவே மாட்டா. அப்பா மனசை ஒடச்சிட்டேன்னு இங்கயே உக்காந்துக்குவா."

"நான் எதையும் கேக்கல. உன்னைப் பாக்கவும் இல்ல."

"டீயாவது குடிச்சீங்களா?"

"அதுவும் இல்ல" என்று குடித்துவிட்டு வந்தேன். செருப்புத் தைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டேன். நாலு ஸ்க்ரூ. அரை மணி நேரம், ஒரு விரல் நசுங்கல்.

சுடர் குளிக்கப் போய் உடனே வெளியே வந்தாள். "தாழ்ப்பாள் எங்கப்பா?"

"துரு."

"மார்ச்லதானே புதுசா போட்டோம்?"

"இந்தக் காலத்து இரும்பு. இனிமே உள்ள இருக்கறவங்க பாடணும். பாட்டு நின்னா வெளிய இருக்கறவங்க தள்ளிட்டு வரலாம்."

அவள் சிரிக்கவில்லை. கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு நாள் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். இன்று முதல் அவள் முறை.

குழந்தைவேல் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். காலை பத்திலிருந்து ஒன்று வரை வரட்டுமா என்றேன். "வாய்யா, நீ இல்லாம இங்க கம்ப்யூட்டர்ல எல்லாரும் அடிச்சதையே அடிச்சிக்கிட்டு இருக்கானுவ" என்றார். பத்தேகாலுக்குள் நான் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். "இதென்ன புது ஷரத்து?" என்றார். எழுதித்தரச் சொல்லாத குறைதான்.

ஜூன் 27, வியாழன்

சாயங்காலம் சுடரிடம், "என்னையும் கேளு" என்றேன்.

"எதை?"

"அந்தப் பன்னிரண்டு கேள்வியை. ஊரெல்லாம் கேக்கற, வீட்டுல ஒருத்தன் இருக்கேன்."

"உனக்கு வயசு வரம்பு தாண்டிடுச்சுப்பா."

"டைப்பிஸ்டுக்குச் சலுகை உண்டு."

சலித்துக்கொண்டே ரெக்கார்டரை எடுத்துவைத்தாள். பெயர், வயது, தொழில். அப்புறம், "இன்னும் பத்து வருஷத்துல நீங்க எப்படி இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?" பேட்டி என்றால் என்னையும் 'நீங்க' என்கிறாள்.

"ஃபின்லாந்துலேர்ந்து வந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, உறையூர் வெயில்ல வேர்த்து விறுவிறுத்துப் போய் நிப்பேன். யாரு வாங்கித் தந்தான்னு தெருவுல எல்லாரும் கேப்பாங்க."

அவள் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"கிடைக்கலன்னு சொன்னேன்ல?"

"அந்தக் கடுதாசிக்குக் கீழ எழுதிக்கொடுத்தவர் பேரு சுடர்க்கொடின்னு இருந்தது. அதைப் படிக்க டிகிரி வேணுமா? எனக்குத்தான் லேட்டா உறைச்சது."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் தாழ்ப்பாளைக் கழட்டினியா?"

"துருன்னு சொன்னேனே."

"சும்மா இருப்பா!" சத்தம் போட்டாள். "நீ தனியா இருக்க முடியாது. அன்னைக்கு நீ எப்படிக் கெடந்தேன்னு உனக்குத் தெரியாது. நான் பாத்தேன். வாய் கோணிப் போயிருந்தது. பேரைக் கேட்டா சொல்லத் தெரியல உனக்கு."

இதை அவள் இதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. சோப்பு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தனியா இல்லம்மா. காலையில பத்து மணிக்கு அண்ணன் கடை. பத்தேகாலுக்கு நான் இல்லன்னா ஆள் வருவான். மாடி வீட்டு ஆக்னஸ் டீச்சர்கிட்ட ஒரு சாவி கொடுத்திருக்கேன். அந்தம்மா வாரத்துக்கு மூணு தடவை ஏதாவது காரணம் சொல்லிக் கதவைத் தட்டுவாங்க, எனக்குத்தான் பயம். மாத்திரையை நீ போன்ல எண்ணு, நான் அட்டையைக் காட்டறேன். மத்தபடி உன்னோட பதினெட்டாம் நம்பர் சொல்ற மாதிரிதான், கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல யாராச்சும் வரணும். அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

"உனக்கு ஏன்ப்பா இவ்வளவு அவசரம், என்னை அனுப்ப?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். மீனாவின் கண்.

"நீ இருந்தா தினம் காய் வைக்க வேண்டியிருக்கு. இல்லன்னா தயிரும் ஊறுகாயும்."

"ஊறுகா உனக்குக் கூடாது" என்று எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. அது நல்ல அறிகுறியா, தெரியாது.

ஜூன் 29, சனி

சுடர் இன்னும் பேசவில்லை. ரசம் இன்று சரியாக வந்திருந்தது. அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலை பதினொன்றுக்குக் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தாள். "இங்க வாப்பா. என்ன எழுதறேன்னு பாத்துக்க. அப்புறம் கேசரி கிண்டக் கூடாது" என்றாள்.

வருகிறேன் என்று எழுதினாள். கீழே பெயரைப் போட்டாள். அனுப்பு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "நீயே அமுக்கு" என்றாள்.

"எழுதிக்கொடுக்கறவங்கதான் அமுக்கணும். சாட்சி கையெழுத்துக்கு வேணா நான் இருக்கேன்."

அமுக்கினாள். எனக்குத் தலையைச் சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்ததை அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. இடம் அவளுக்குத்தான். செப்டம்பரில் போக வேண்டும். ஃபர்சானா போனில் கத்தியது மாடிவரை கேட்டிருக்கும். ஆக்னஸ் டீச்சர் இறங்கிவந்து என்ன விசேஷம் என்று கேட்டு, கையோடு என் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சுடர் தோசை ஊற்றினாள். நான் பக்கத்தில் முக்காலியில். கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தச் சனிக்கிழமை ரெக்கார்டரைச் சார்ஜ்ல போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா பாதிதான் ஏறியிருந்தது."

"கரண்ட் போச்சும்மா."

"ஆக்னஸ் டீச்சர் வீட்டுல போகலியாம்."

விசாரித்திருக்கிறாள். என் ரத்தம்தானே.

"சட்னி அரைக்கக் கழட்டினேன். திருப்பிப் போட மறந்திருப்பேன்."

தோசையைத் திருப்பினாள். ஓரம் கருகியிருந்தது.

"ஒன்பதை நீ கேக்கலதானேப்பா?"

"சரியா பதிவாகலன்னு நீதானே சொன்னே?"

"கேட்டிருந்தா..." என்று நிறுத்தினாள். "ஒருவேளை கேட்டிருந்தா, என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பே?"

"கேக்காததுக்கு என்னம்மா நினைக்கிறது? தோசை கருகுது பாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அது தெரிந்தது. அந்தக் கருகிய தோசையை எனக்கே போட்டாள். முழுசாகச் சாப்பிட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கேட்டது தெரிந்துவிடும், தெரிந்தால் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயதில் பம்பாயில் ஒரு வேலை கிடைத்தது. நல்ல கம்பெனி, டைப்பிஸ்ட். அந்த வருஷம்தான் என் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரே பிள்ளை நான். போகவில்லை. இருபத்தொரு வருஷம் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன், குளிப்பாட்டினேன், வாயைத் துடைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் புது வேட்டியை அவர் இடுப்பில் சுற்றிவிடும்போது, இன்னும் எத்தனை வேட்டி என்று மனசுக்குள் எண்ணுவேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். அவர் போன அன்று எனக்கு நாற்பத்தாறு. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது பம்பாய் ரயில் எத்தனை மணிக்கு என்பதுதான். அதற்கு அப்புறம்தான் அழுகை வந்தது. மூன்று நாள் நிற்கவில்லை.

அந்தக் கணக்கை நானும் போட்டவன்தான், சுடர். அதனால் என் அப்பாமேல் எனக்கிருந்த பாசம் ஒரு நாளும் இம்மிகூடக் குறைந்ததில்லை.